சக்கரத்துக்கு மேல் துணி எதற்கு? ஃபெல்ட் லைனரும் காருக்குள் கேட்கும் ரோட்டு இரைச்சலும்

சர்வீஸ் சென்டரில் காரை லிஃப்டில் தூக்கியதும் கீழே எட்டிப் பார்க்கிறவர்களில் பலர் இப்போதெல்லாம் ஓரிடத்தில் கண்ணை நிறுத்துகிறார்கள். பழைய காரில் டயருக்கு மேலே கறுப்புப் பிளாஸ்டிக் இருந்த இடத்தில், புதிய காரில் கால்மிதி போலச் சொரசொரப்பான ஒரு துணி இருக்கிறது. ஃபெல்ட் லைனர் என்பது இதுதான். தொட்டால் மெத்தென்று இருக்கிறது, அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போகிறது. சேறும் தண்ணீரும் கல்லும் அடிக்கிற இடத்தில் யாராவது துணியை வைப்பார்களா?

இதைப் பற்றி இரண்டு விதமான பேச்சு இருக்கிறது. ஒரு தரப்பு, கம்பெனிக்காரன் காசை மிச்சம் பிடிக்கத் துணியைப் போட்டுவிட்டான், நாலு மழையில் கிழிந்து தொங்கும் என்கிறது. இன்னொரு தரப்பு, இந்தத் துணி லைனரை வாங்கி நாலு சக்கரத்துக்கும் மாட்டிவிட்டால் சாதாரணக் காரும் சொகுசுக் கார் மாதிரி அமைதியாகிவிடும் என்கிறது. இரண்டுமே சரியில்லை. துணி லைனர் ஒரு குறிப்பிட்ட வகைச் சத்தத்தை, அது பிறக்கிற இடத்திலேயே, நன்றாகவே குறைக்கும். வேறொரு வகைச் சத்தத்தை அது தொடக்கூடத் தொடாது. உங்கள் காரில் தொல்லை தருவது எது என்று தெரிந்துகொண்டு செலவழித்தால் பலன் உண்டு, தெரியாமல் செலவழித்தால் பணம் போனதுதான் மிச்சம். ஆகவே அடிப்படையிலிருந்தே பார்த்துவிடுவோம்.

லைனர் செய்கிற வேலை

சக்கரம் சுற்றுவதற்காகக் காரின் உடம்பில் விட்டிருக்கும் குடைவைத்தான் வீல் ஆர்ச் என்கிறோம். அந்தக் குடைவின் உள்பக்கத்தை மூடும் உறைதான் லைனர். ஒர்க்‌ஷாப்பில் ஃபெண்டர் லைனர், இன்னர் ஃபெண்டர் என்றும் சொல்வார்கள். டயர் வாரி இறைக்கும் தண்ணீரும் மண்ணும் உலோகத் தகட்டில் பட்டுத் துருப்பிடிக்காமல் காப்பதுதான் இதன் முதல் வேலை. முன்பக்கம் என்றால் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. ஹெட்லைட்டின் பின்புறம், ஒயரிங், வாஷர் தண்ணீர் டப்பா எல்லாம் பெரும்பாலும் அந்த லைனருக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கும்.

நம்மூரில் விற்கும் பல சிறிய கார்களில் முன் சக்கரத்துக்கு மட்டும் பிளாஸ்டிக் லைனர் இருக்கும். பின் சக்கரத்துக்கு எதுவுமே இருக்காது, தகட்டின் மேல் ஒரு பூச்சு மட்டும் அடித்திருப்பார்கள். துருவைத் தடுக்க அந்தப் பூச்சு போதும். சத்தம் என்று வரும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது.

துணி என்றால் எந்தத் துணி?

ஜவுளிக் கடையில் ஒரு காலத்தில் கொடுத்த நான்-வோவன் பை நினைவிருக்கிறதா? நெசவு இல்லாமல், இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துச் செய்த துணி அது. லைனர் துணியும் நெய்யாத துணிதான், ஆனால் செய்முறை வேறு, கனமும் பல மடங்கு அதிகம். பாலியெஸ்டர் இழைகளை மெத்தை போலப் பரப்பி, முள் வைத்த ஆயிரக்கணக்கான ஊசிகளால் மேலும் கீழும் குத்துவார்கள். இழைகள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கி இறுகும். இதோடு சீக்கிரம் உருகும் வேறொரு இழையும் கலந்திருக்கும், பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன் அல்லது குறைந்த சூட்டில் இளகும் பாலியெஸ்டர். சூடுபடுத்தி அச்சில் வைத்து அழுத்தும்போது அந்த இழை உருகிப் பசை போல வேலை செய்ய, லைனர் தன் வடிவத்தைத் தானே தாங்கி நிற்கும் அளவுக்கு விறைப்பாகிறது. பழைய பி.இ.டி. தண்ணீர் பாட்டில்களை உருக்கி எடுத்த இழைகளும் இதில் தாராளமாகப் பயன்படுகின்றன.

சேலை, வேட்டி மாதிரித் துணி இல்லை இது. பல இழைகள் உருகி ஒட்டிய, நடுவில் நுண்ணிய காற்று இடைவெளிகள் நிறைந்த ஒரு பலகை என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று இடைவெளிகளில்தான் சூட்சுமமே இருக்கிறது.

சத்தம் எங்கே பிறக்கிறது?

சீரான வேகத்தில் போகிற இன்றைய காரில், மணிக்குச் சுமார் 40-50 கி.மீ. தாண்டிவிட்டாலே இன்ஜின் சத்தத்தை டயர் சத்தம் முந்திவிடும். வேகம் இரண்டு மடங்கானால் டயர் சத்தம் 9 முதல் 12 டெசிபல் வரை ஏறும். ஊருக்குள் அமைதியாக இருந்த கார் நான்குவழிச் சாலையில் ஏறியதும் இரைவதற்கு இதுதான் காரணம். அந்த டயர் சத்தத்திலும் பல வகை உண்டு.

1. டயரின் பட்டைக் கட்டிகள், அதாவது ரோட்டைத் தொடும் மேல்பரப்பிலுள்ள ரப்பர் கட்டிகள், ரோட்டில் வந்து மோதுவதால் வரும் அதிர்வு. சாலையில் ஜல்லி எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறதோ அவ்வளவு அதிகமாக இருக்கும்.

2. பட்டைகளுக்கு நடுவிலுள்ள காடிகளில் சிக்கிய காற்று பிதுங்கி வெளியேறி, மறுபடி உள்ளே இழுக்கப்படும் சத்தம். உள்ளங்கையைக் குவித்துத் தட்டினால் வருமே, அதே கதை, விநாடிக்குப் பல நூறு தடவை.

3. டயரும் ரோடும் சேரும் இடம் ஒரு பக்கம் குறுகி மறுபக்கம் விரிந்த ஆப்பு வடிவத்தில் இருக்கிறது. நாதஸ்வரத்தின் விரிந்த முனையான அணசு போல, உள்ளே பிறக்கும் சத்தத்தை அது பெருக்கி வெளியே தள்ளுகிறது.

4. டயருக்குள் அடைபட்ட காற்று, வளையம் போலச் சுற்றி அதிர்வது. சராசரிச் சுற்றளவு 1.6 மீட்டர் என்றால், ஒலியின் வேகமான விநாடிக்கு 343 மீட்டரை அதால் வகுத்தால் சுமார் 214 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 214 அதிர்வு, வரும். பள்ளத்தில் இறங்கியதும் "டொய்ங்" என்று ஒரு ஓசை கேட்கிறதே, அது பெரும்பாலும் இதுதான்.

5. டயர் தூக்கி எறியும் பொடிக்கல், மணல், மழைத் தண்ணீர் வீல் ஆர்ச்சில் அடிக்கும் சத்தம்.

வெளியே அளந்தால் கார் டயர் சத்தத்தின் உச்சம் பெரும்பாலும் 800 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். இந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

உள்ளே வர இரண்டு வழி

இவ்வளவு சத்தமும் நம் காதுக்கு வந்து சேர இரண்டே பாதைகள்தான். ஒன்று உடம்பு வழி: டயரின் அதிர்வு ரிம், சஸ்பென்ஷன், அதன் இணைப்புகளிலுள்ள ரப்பர் புஷ், சேஸிஸ் என்று ஏறி, கடைசியில் தரைத் தகடும் கூரையும் மேளத்தோல் போல அதிர, உள்ளே "ம்ம்ம்" என்று அடித்தொண்டை உறுமலாகக் கேட்கிறது. சுமார் 400-500 ஹெர்ட்ஸுக்குக் கீழே இந்தப் பாதைதான் ராஜபாட்டை. இன்னொன்று காற்று வழி: டயரடியில் பிறந்த ஒலி வீல் ஆர்ச்சுக்குள் நிறைந்து, தகடு வழியாகவும் கதவு ரப்பர் வழியாகவும் கண்ணாடி வழியாகவும் உள்ளே நுழைகிறது. இது "ஷ்ஷ்" என்றும், சில ரோட்டில் "ஊய்ங்" என்றும் கேட்கும்.

லைனரால் கைவைக்க முடிவது இரண்டாவது பாதையில் மட்டும்தான். சஸ்பென்ஷன் வழியாக ஏறும் உறுமலுக்கும் டயருக்கு மேலே தொங்கும் துணிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கடையில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை, அதனால்தான் மாட்டிய பிறகு இவ்வளவு ஏமாற்றம்.

பிளாஸ்டிக் திருப்பி அடிக்கும், துணி விழுங்கும்

புது வீட்டில் பால் காய்ச்சும் நாளன்று பேசினால் குரல் கணகணவென்று எதிரொலிக்கும். மெத்தை, திரைச்சீலை, துணிமணி எல்லாம் வந்து சேர்ந்த பிறகு அதே அறையில் அதே குரல் அடங்கிவிடும். சுவர் மாறவில்லை, சுவரின் கனமும் மாறவில்லை. உள்ளே சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருந்த ஒலியை இப்போது விழுங்க ஆள் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வீல் ஆர்ச்சும் அப்படி ஒரு வெறும் அறைதான். பிளாஸ்டிக் லைனரோ மொட்டைத் தகடோ இருந்தால், டயரடியில் பிறந்த ஒலி மேலே போய் மோதித் திரும்பி, டயரில் பட்டு மறுபடி மேலே போகும். இப்படி அது உள்ளுக்குள்ளேயே திரண்டு கனத்துவிடுகிறது. துணி லைனர் இருந்தால், ஒலி அலை இழைகளுக்கு நடுவிலுள்ள காற்றை முன்னும் பின்னும் அசைக்க, அந்தக் காற்று இழைகளில் உராய்ந்து, ஒலியின் ஆற்றல் துளித்துளியாக வெப்பமாகிவிடுகிறது. கையால் உணர முடியாத அளவு வெப்பம், ஆனால் ஒலிக்கு அது பெரிய இழப்பு.

இங்கே ஒரு சந்தேகம் வரும். பிளாஸ்டிக்தானே கனம், கனமானதுதானே சத்தத்தை நன்றாகத் தடுக்கும்? தடுக்கும் வேலைக்கு அது உண்மைதான். கனம் இரட்டிப்பானால் கொள்கையளவில் 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.7 மி.மீ. இரும்புத் தகடு சதுர மீட்டருக்குச் சுமார் 5.5 கிலோ. 2 மி.மீ. பாலிப்ரோப்பிலீன் லைனர் சுமார் 1.8 கிலோ. துணி லைனர் ஏறத்தாழ ஒரு கிலோ. தடுப்புச் சுவராக ஏற்கெனவே தகடு நின்றுகொண்டிருக்கிறது, அதற்கு முன்னால் இன்னொரு மெல்லிய தடுப்பை வைப்பதைவிட, அந்தக் குடைவுக்குள் சத்தம் திரளாமல் பார்த்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். உள்ளே திரளும் ஒலி குறைந்தால் தகடு வழியாகப் போவதும் குறையும், வெளியே வழிந்து ஜன்னல் கண்ணாடியைத் தொடுவதும் குறையும், ரோட்டோரம் நிற்பவர் காதில் விழுவதும் குறையும். எந்தப் பக்கம் பார்த்தாலும் லாபம்.

இன்னொரு முக்கியமான விஷயம், துணிக்குப் பின்னால் இருக்கும் காற்று இடைவெளி. சுவரை ஒட்டிய காற்று அசையாது, அசைய முடியாதபடி சுவர் தடுக்கிறது. அசையாத காற்றில் உராய்வு ஏது? சுவரிலிருந்து கால் அலைநீளம் தள்ளி வந்தால்தான் காற்று முழு வீச்சில் ஆடுகிறது. 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 34 செ.மீ., அதில் கால் பங்கு சுமார் 8.6 செ.மீ. ஆக, நாலைந்து மி.மீ. மட்டுமே தடித்த துணியைத் தகட்டோடு ஒட்டி வைத்தால் இந்த அலைவரிசையில் பெரிய பயன் கிடைக்காது. அதே துணியைத் தகட்டிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி நிறுத்தினால், டயர் சத்தத்தின் உச்சம் இருக்கும் அந்த 800-1000 ஹெர்ட்ஸ் பக்கமே அது வேலைசெய்யத் தொடங்கிவிடும். கம்பெனி லைனர் தகட்டிலிருந்து விலகி, தன் காலில் நிற்கும்படி இருப்பதில் இந்த லாபமும் சேர்ந்தே கிடைக்கிறது. கடையில் கார்ப்பெட் துண்டை வாங்கிப் பசை தடவி ஆர்ச் தகட்டில் அப்பிவிட்டு "ஒரு வித்தியாசமும் இல்லையே" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இதே கணக்கில் 200 ஹெர்ட்ஸைப் பாருங்கள். அலைநீளம் 1.7 மீட்டர், கால் பங்கு 43 செ.மீ. வீல் ஆர்ச்சில் அவ்வளவு இடம் எங்கே இருக்கிறது? தாழ்ந்த ஓசைகளைத் துணி லைனர் தொடாததற்கு இந்த எளிய அளவுக் கணக்கே காரணம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இது மாறாது.

கல்லும் தண்ணீரும்

தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தையும் கீற்றுக் கொட்டகையில் மழை விழும் சத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இந்தப் பகுதியை எழுதவே வேண்டியதில்லை. கடினமான பரப்பில் கல் பட்டால் மோதல் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக முடிந்துவிடும், அப்போது பிறக்கும் ஓசை கூர்மையாக "டிக்" என்று தெறிக்கும். மெத்தென்ற பரப்பில் கல் கொஞ்சம் அமுங்கித் திரும்புவதால் மோதல் நீள்கிறது, கூர்மை போய் "தப்" என்று மந்தமாகிவிடுகிறது. பின் சக்கரத்துக்கு லைனரே இல்லாத கார்களில் மழைத் தண்ணீர் நேராகத் தகட்டில் அடித்து, பின்சீட்டில் இருப்பவர் பேச்சே கேட்காது. ஹேட்ச்பேக்கில் இது இன்னும் மோசம். பின் வீல் ஆர்ச்சின் மேடு டிக்கிக்குள் துருத்திக்கொண்டிருக்கும், டிக்கிக்கும் சீட்டுக்கும் நடுவே கனமான தடுப்பு எதுவும் இருக்காது.

என் கணிப்பில், துணி லைனர் மாட்டியவர்கள் உடனே உணரும் மாற்றம் இதுதான். ரோட்டு இரைச்சல் குறைந்ததா என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள், ஆனால் பொடிக்கல் சத்தமும் மழைச் சத்தமும் அடங்கியதில் சந்தேகமே இருக்காது.

டெசிபல் கணக்கு ஏமாற்றும்

டெசிபல் என்பது கூட்டல் கணக்கில் நடக்காது. 70 டெசிபலும் 70 டெசிபலும் சேர்ந்தால் 140 ஆகாது, 73தான் ஆகும். காதுக்கு இரு மடங்கு என்று தோன்றச் சுமார் 10 டெசிபல் ஏற வேண்டும்.

ஒரு கற்பனைக் காரை எடுத்துக்கொள்வோம். உடம்பு வழி வரும் சத்தம் 66, காற்று வழி வரும் சத்தம் 64, இரண்டும் சேர்ந்து காருக்குள் 68. நல்ல லைனர் மாட்டிக் காற்று வழியை 3 டெசிபல் குறைத்துவிட்டோம், அதாவது அந்தப் பாதையில் வரும் ஒலி ஆற்றலைப் பாதியாக்கிவிட்டோம். மொத்தம் எவ்வளவு? சுமார் 67. அவ்வளவு பெரிய வேலை செய்தும் மீட்டரில் ஒரே ஒரு டெசிபல்தான் இறங்குகிறது! பெரிய பங்கு வேறு பாதையில் வரும்போது, சின்னப் பங்கை எவ்வளவு வெட்டினாலும் மொத்தம் அசையாது.

ஆனால் அந்த ஒரு டெசிபலை வைத்து லைனர் வீண் என்று முடிவுகட்டுவதும் தவறு. பேச்சில் "ச, ட, த, க" போன்ற மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் ஒலிகள் பெரும்பாலும் 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையில் இருக்கின்றன. லைனர் குறைப்பதும் அந்தப் பகுதியைத்தான். மீட்டர் பெரிதாக இறங்காவிட்டாலும், முன்சீட்டில் பேசுவது பின்சீட்டில் தெளிவாகக் கேட்பதும், நீண்ட பயணத்தில் களைப்பு குறைவதும் இதனால்தான்.

போன் செயலியில் அளக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பெரும்பாலான செயலிகள் காட்டுவது ஏ-எடையிட்ட டெசிபல். அந்த அளவீடு 100 ஹெர்ட்ஸ் ஒலியில் சுமார் 19 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டும். உங்கள் தலையைக் கனக்கச் செய்யும் தாழ்ந்த உறுமல் அந்த எண்ணில் சரியாகத் தெரியாது. எண் குறைந்துவிட்டது, ஆனால் எரிச்சல் குறையவில்லையே என்று குழம்பினால் இதையும் யோசியுங்கள்.

ஏன் இப்போது இவ்வளவு பரவுகிறது?

இரண்டு காரணங்கள். முதலாவது ஐரோப்பாவின் சட்டம். கார் கடந்து போகும்போது 7.5 மீட்டர் தள்ளி வைத்த மைக்கில் எவ்வளவு சத்தம் பதியலாம் என்று அங்கே வரம்பு இருக்கிறது. சாதாரணக் கார்களுக்கு அது 2016இல் 72 டெசிபல், 2020இல் புதிய மாடல்களுக்கு 70, 2024இல் புதிய மாடல்களுக்கு 68 என்று படிப்படியாக இறங்கியிருக்கிறது. இன்ஜினையும் சைலன்சரையும் அடக்கிய பிறகு மிஞ்சுவது டயர் சத்தம்தான், அதை வீல் ஆர்ச்சிலேயே விழுங்கவைப்பது மலிவான வழி. எடையும் பிளாஸ்டிக்கைவிடப் பெரும்பாலும் குறைவு என்பதால் எரிபொருள் கணக்குக்கும் நல்லது.

இரண்டாவது மின்சாரக் கார். இன்ஜின் ஓடும்போது அதன் சத்தம் மற்ற சத்தங்களை ஓரளவு மூடிவிடும். மோட்டாரில் அந்த மூடாக்கு இல்லை. இதுவரை காதில் விழாமல் இருந்த ஒவ்வொரு பொடிக்கல்லும் இப்போது கேட்கிறது.

ரோட்டையும் மறந்துவிடக் கூடாது. மும்பை-புனே, யமுனா போன்ற விரைவுச் சாலைகள் கான்கிரீட்டில் போட்டவை. சறுக்காமல் இருக்கக் கான்கிரீட்டில் குறுக்குக் கீறல் போடுவார்கள். உதாரணத்துக்கு, கீறல்கள் 25 மி.மீ.க்கு ஒன்று என்று சீராக இருந்து, கார் 100 கி.மீ. வேகத்தில் போனால், டயர் விநாடிக்குச் சுமார் 1,100 கீறல்களைத் தட்டும். காதில் ஒரே சுருதியாக ஊளையிடுவது அதுதான். அமெரிக்காவின் அரிசோனாவில் இந்தத் தொல்லை பொறுக்காமல், 2003 வாக்கில் ஃபீனிக்ஸ் நகர விரைவுச் சாலைகளின் கான்கிரீட்டுக்கு மேல் ரப்பர் கலந்த தாரைப் பூசினார்கள். காரில் எதையும் மாற்றாமல் ரோட்டை மாற்றியே சத்தத்தைக் குறைக்கலாம் என்பதற்கு அது நல்ல சான்று.

ஊறாதா? சேறு ஒட்டாதா? கிழியாதா?

பருத்தி இழை சாதாரண ஈரப்பதத்திலேயே தன் எடையில் 8 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சும். பாலியெஸ்டர் 0.4 சதவீதம்தான், பாலிப்ரோப்பிலீன் கிட்டத்தட்ட ஒன்றுமே உறிஞ்சாது. ஆக, இழை ஊறிப் போய் மக்குவதில்லை. இழைகளுக்கு நடுவே தண்ணீர் தங்கும், பிறகு வடிந்து காற்றில் காயும். தங்கியிருக்கும் நேரத்தில் காற்று இடைவெளிகள் அடைபடுவதால் ஒலி விழுங்கும் திறன் கொஞ்சம் குறையும், காய்ந்ததும் திரும்ப வந்துவிடும்.

சேறுதான் உண்மையான எதிரி. களிமண் இழைகளுக்குள் போய் இறுகிவிட்டால் துணி கிட்டத்தட்ட பிளாஸ்டிக் மாதிரியே நடந்துகொள்ளும், கல் சத்தத்தை மட்டும் ஓரளவு தணிக்கும். மண் ரோட்டில் தினமும் ஓடுகிற காருக்கு என்னைக் கேட்டால் வழவழப்பான பிளாஸ்டிக்கே மேல், ஒரு முறை தண்ணீர் அடித்தால் போய்விடும். பனி நாடுகளில் இதே துணியில் பனிக்கட்டி பிடித்துக்கொள்ளும் தொல்லையும் உண்டு.

கிழிசல் பெரும்பாலும் கிளிப் விட்டுப்போவதில்தான் தொடங்குகிறது. ஒரு கிளிப் விழுந்தால் ஓரம் தொங்கும், தொங்கும் ஓரத்தை டயர் பிடித்து இழுக்கும், அப்புறம் முழு லைனரும் போய்விடும். வாட்டர் வாஷில் பிரஷர் கன்னை மிக அருகே பிடித்து அடித்தாலும் இழைகள் பிய்ந்து பஞ்சு பஞ்சாக வரும்.

வாங்குவதற்கு முன் உங்கள் சத்தம் எது என்று பாருங்கள்

1. ஒரே வேகத்தில், வழவழப்பான தார் ரோட்டிலிருந்து ஜல்லி துருத்திய ரோட்டுக்கு மாறும்போது கவனியுங்கள். சத்தம் சட்டென்று மாறினால் அது டயரும் ரோடும் செய்யும் வேலை. மாறாமல் வேகத்தோடு மட்டும் ஏறினால் காற்றுச் சத்தமாக இருக்கலாம், கதவு ரப்பரையும் கண்ணாடி ஓரத்தையும் பாருங்கள்.

2. உறுமலோடு சேர்ந்து ஸ்டியரிங்கிலோ தரையிலோ அதிர்வு கைகால்களுக்குத் தெரிகிறதா? அப்படியென்றால் உடம்பு வழி. லைனர் உதவாது. டயர் மாடல், காற்றழுத்தம், சஸ்பென்ஷன் புஷ் இவைதான் பார்க்க வேண்டியவை.

3. வளைவில் ஒரு பக்கம் சாயும்போது உறுமல் கூடி, மறுபக்கம் சாயும்போது குறைகிறதா? வீல் பேரிங் போயிருக்கலாம். இது பாதுகாப்பு விஷயம், உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

4. டயர் பட்டையின் மேல் உள்ளங்கையை இரண்டு திசையிலும் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பு, மறு திசையில் ரம்பம் போலப் பிடித்தால் சீரற்ற தேய்மானம். அந்த டயர் என்ன செய்தாலும் கத்தும்.

5. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ரப்பர் வயதாக ஆக இறுகும், இறுக இறுகச் சத்தம் கூடும். பழைய டயரை வைத்துக்கொண்டு லைனரில் பணம் போடுவது வரிசை தவறிய செலவு.

6. மேலே சொன்ன எதுவும் இல்லை, "ஷ்ஷ்" என்ற இரைச்சலும் கல், தண்ணீர் சத்தமும்தான் தொல்லை, அதுவும் பின்பக்கம் லைனரே இல்லை என்றால், துணி லைனருக்குச் சரியான ஆள் நீங்கள்தான்.

ஆர்ச்சின் உள்பக்கத் தகட்டில் டேம்பிங் ஷீட் ஒட்டுவதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஷீட் தகட்டின் அதிர்வை அடக்கும், துணி காற்றிலுள்ள ஒலியை விழுங்கும். வேலை வேறு வேறு, இரண்டையும் சேர்த்துச் செய்யலாம். டயருக்குள் நுரை ஒட்டி வரும் "அமைதி" டயர்கள் மூன்றாவது ரகம், அவை அந்த 200 ஹெர்ட்ஸ் "டொய்ங்"குக்கு மட்டும்தான் மருந்து.

மாட்டும்போது

உங்கள் மாடலுக்கென்றே அச்சில் வார்த்த லைனர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். பல நேரம் அதே காரின் விலை கூடிய வகைக்கு அல்லது ஏற்றுமதி மாடலுக்குக் கம்பெனியே போடுகிற லைனர் உதிரிப்பாகக் கடையில் கிடைக்கும், ஏற்கெனவே இருக்கும் துளைகளிலேயே பொருந்திவிடும். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று விற்கும் துணியை வெட்டி ஒட்டுவதில் இரண்டு ஆபத்து: புதிதாகத் தகட்டில் துளை போட்டால் அங்கிருந்துதான் துரு தொடங்கும், அப்புறம் மேலே சொன்ன காற்று இடைவெளியும் கிடைக்காது.

முன் சக்கரம் என்றால் ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை ஒடித்து டயர் எங்கும் உரசுகிறதா என்று பாருங்கள். பின்பக்கம் என்றால் நாலு பேரை உட்காரவைத்து, டிக்கியில் சுமையும் ஏற்றிப் பாருங்கள், வெறும் காரில் உரசாத டயர் பாரத்தில் உரசும். அடிப்பக்கத் தண்ணீர் வடியும் துளைகளை லைனர் மூடக் கூடாது.

இன்னொன்று, காரின் அடிப்பகுதிக்குத் துருத்தடுப்புப் பூச்சான அண்டர்பாடி கோட்டிங் அடிக்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். துணி லைனர் மேல் அந்தக் கறுப்புக் கலவையை ஸ்ப்ரே செய்தால் இழை இடைவெளிகள் மொத்தமாக அடைபட்டுப் போகும், அதைக் கழுவி எடுக்கவும் முடியாது. லைனரைக் கழற்றி வைத்துவிட்டுத் தகட்டுக்கு மட்டும் அடிக்கச் சொல்லுங்கள், திரும்ப மாட்டும்போது தேய்ந்த கிளிப்களை அங்கேயே மாற்றிவிடச் சொல்லுங்கள்.